லிங்க்ஸ் திடலில் முதல் ஆட்டம்: அயர்லாந்துக்கு கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு

கொடி 150 கஜத்துக்கு அப்பால் நிற்கிறது. இடையில் மரம் இல்லை, குளம் இல்லை. வழக்கமாக ஆடும் திடலில் இந்தத் தூரத்துக்கு 7-ஆம் எண் இரும்பு மட்டையை எடுப்பீர்கள். பந்து உயர எழும்பி, குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையான கிரீனில் சொத்தென்று விழுந்து, இரண்டு மூன்று அடி உருண்டு நின்றுவிடும். அதே மட்டையை அதே வேகத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் வீசிப் பாருங்கள். எதிர்க்காற்றாக இருந்தால் பந்து 30 கஜம் முன்னதாகவே விழுந்து கிடக்கும். பின்காற்றாக இருந்தால் கிரீனில் விழுந்து, சிமெண்டுத் தரையில் பட்டதுபோலத் துள்ளி, பின்னாலிருக்கும் நெடும்புல்லுக்குள் மறைந்துவிடும். அடியில் குறை ஒன்றுமில்லை. அந்த மண்ணுக்கு ஒத்துவராத அடி, அவ்வளவுதான்.

லிங்க்ஸ் ஆட்டத்தில் பாதி வேலை பந்து தரையைத் தொட்ட பிறகுதான் நடக்கிறது. வானத்தில் பந்தை ஓட்டிப் பழகியவர் அங்கே தரையில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கீழே வருகிற நுணுக்கங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதிலிருந்து கிளைப்பவைதான்.

எந்த நிலத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர்

கடலோரத்தில் இருக்கிற கோல்ஃப் திடல்கள் எல்லாம் லிங்க்ஸ் ஆகிவிடாது. மேடு, கரை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கடற்கரைக்கும் உழவு நிலத்துக்கும் இடையில், காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகளும் பள்ளங்களுமாகக் கிடக்கும் நிலத்தைக் குறிக்கிறது. ஏர் பூட்ட உதவாத மண். ஆடு மேய்க்க உதவியது, பிறகு கோல்ஃபுக்கு உதவியது.

மணல் என்பதுதான் இங்கே முக்கியம். மணலில் தண்ணீர் தங்காது. காலையில் கொட்டிய மழை மதியத்துக்குள் இறங்கிவிடும், தரை மறுபடி கெட்டியாகிவிடும். சத்தில்லாத மண்ணில் ஊசிபோல் மெல்லிய இலைகொண்ட ஃபெஸ்க்யூ புல்தான் நன்றாக வளர்கிறது. அது குட்டையாகவும் நெருக்கமாகவும் படர்வதால் பந்து தடையின்றி ஓடுகிறது. உப்புக் காற்றில் மரம் நிமிர்ந்து வளராது. அதனால் திடல் மொட்டையாகத் தெரியும். மேடுகளின் உச்சியில் முழங்கால் உயரத்துக்கு, சில இடங்களில் இடுப்பளவுக்கு நிற்பது மாரம் புல். நம் கடற்கரைகளில் ராவணன் மீசை மணலைப் பிடித்து வைப்பதுபோல, அந்த மேடுகள் பறந்துபோகாமல் வேரால் கட்டிப்போட்டிருப்பது இதுதான். அதை மிதித்து அழிப்பதை எந்த கிளப்பும் விரும்பாது.

கார்க் மாவட்டத்தில் ஓல்டு ஹெட் ஆஃப் கின்சேல் என்று ஒரு திடல் இருக்கிறது. 1997-இல் திறந்தது. மூன்று பக்கமும் கடல், படம் எடுத்தால் கண் கொள்ளாது. ஆனால் அது பாறை முனையின்மேல் போட்ட திடல். மணல்மேடு இல்லாததால் லிங்க்ஸ் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். காட்சிக்காகப் போகலாம். லிங்க்ஸ் ஆட வேண்டும் என்றால் கிளேர் மாவட்டத்து லஹிஞ்ச், கெர்ரியின் பாலிபன்யன், வாட்டர்வில், டப்ளினுக்கு வடக்கே போர்ட்மார்னக், டோனிகால் பக்கம் பாலிலிஃபின், ரோசப்பென்னா, வட அயர்லாந்தில் ராயல் போர்ட்ரஷ், ராயல் கவுண்டி டவுன் என்று பட்டியல் நீளும். பெரும்பாலானவை நூற்றாண்டு கடந்தவை: போர்ட்ரஷ் 1888, கவுண்டி டவுன் 1889, லஹிஞ்ச் 1892, பாலிபன்யன் 1893.

காற்றைக் கணக்கில் எடுப்பது

அயர்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். மரம் இல்லாத திடலில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது அங்கே புயல் அல்ல, சாதாரண நாள்.

தோராயக் கணக்கு ஒன்று கைவசம் இருக்கட்டும். எதிர்க்காற்றில், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஒரு சதவீதம் தூரத்தைக் கூட்டுங்கள். பின்காற்றில் அரை சதவீதம் குறையுங்கள். அந்நாட்டு வானிலை அமைப்பான மெட் ஏரன் வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்லும், 1.6 ஆல் வகுத்தால் மைல். ஆக, 32 கிலோமீட்டர் காற்று என்றால் 20 மைல். 150 கஜம், எதிர்க்காற்றில் 180 கஜமாக ஆட வேண்டிய தூரம். பின்காற்றில் 135 கஜம். எதிர்க்காற்று பறிப்பதில் பாதியைத்தான் பின்காற்று திருப்பிக் கொடுக்கும் என்பதைக் கவனியுங்கள். முதல் ஒன்பது குழிகளில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியவர், திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று நினைத்தால் நடக்காது.

தூரத்தைக் கணக்கிடும் முன் ஸ்கோர் அட்டையைப் புரட்டுங்கள். சில கிளப்புகள் கஜத்தில் போட்டிருக்கும், சில மீட்டரில். 150 மீட்டர் என்பது 164 கஜம். இதைக் கவனிக்காமல் ஒரு மட்டை குறைவாக எடுத்து, பழியைக் காற்றின்மேல் போடுகிறவர்கள் நிறைய.

எதிர்க்காற்றில் எல்லோரும் செய்யும் தவறு வலுவாக அடிப்பது. வேகமாக வீசினால் பந்து பின்னோக்கி அதிகம் சுழலும். அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது. எதிர்க்காற்று அதை இன்னும் தூக்கும். பந்து எழும்பி, நின்று, கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே இறங்கும். நேர்மாறாகச் செய்ய வேண்டும். தேவைப்படும் மட்டையைவிட இரண்டு எண் நீண்ட மட்டையை எடுங்கள், அதாவது 7-க்குப் பதில் 5. கைப்பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடியுங்கள். பந்தை நிற்கும் நிலையின் நடுவிலிருந்து ஒரு பந்தளவு பின்கால் பக்கம் வையுங்கள். கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். முக்கால் வீச்சு போதும். அடித்தபின் கைகள் நெஞ்சு உயரத்திலேயே நின்றுவிட வேண்டும். பந்து தலை உயரத்துக்குச் சற்று மேலே சீறிப் போய், விழுந்து ஓடும். இதைப் பயணத்துக்கு முன் பயிற்சிக் கூடத்தில் நூறு பந்தாவது அடித்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. முதல் டீயில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முடியாது.

(டீ என்பது இங்கே ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம், பந்தை ஏற்றி வைக்கும் முளைக்கும் அதே பெயர். முன்பதிவில் டீ டைம் என்று போட்டிருந்தால் காபிக் கடைக்குப் போய்விடாதீர்கள்.)

பக்கக்காற்றில், அதற்கு எதிராகப் பந்தை வளைக்க முயலாமல் காற்று கொண்டுபோகட்டும் என்று விட்டு, குறியை மட்டும் தள்ளி வையுங்கள். வளைத்து அடிக்கத் தெரிந்தவர்களுக்கே அது பத்தில் ஆறு முறைதான் பலிக்கும்.

கிரீனிலும் காற்று விடாது. கால்களை வழக்கத்தைவிட அகலமாக ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். பலத்த காற்றில் உடம்பு ஆடினால் மூன்றடி தூரத்து அடியே தவறும். விதியில் ஒரு நுணுக்கமும் உண்டு. கிரீனில் பந்தைக் குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்துவிட்டீர்கள் என்றால், பிறகு காற்று அதை உருட்டினாலும் பழைய இடத்திலேயே வைத்து ஆட வேண்டும். இன்னும் எடுக்கவே இல்லை என்றால், காற்று தள்ளிய புதிய இடத்திலிருந்து ஆட வேண்டும். ஆகவே கிரீனுக்கு வந்ததும் முதல் வேலை குறியிட்டு, எடுத்து, திரும்ப வைப்பது. லிங்க்ஸ் கிரீன்கள் மற்ற பெரிய திடல்களைவிட மெதுவாக இருப்பதும் இந்தக் காற்றால்தான். கண்ணாடிபோல் வழித்துவிட்டால் பந்து நிற்கவே நிற்காது. வேகமான கிரீனில் பழகியவர்கள் முதல் நாள் முழுக்க குழிக்கு எட்டாமலே அடித்துக்கொண்டிருப்பார்கள்.

தரையோடு ஆடுவது

கிரீனுக்கு 30 கஜம் முன்னால் நிற்கிறீர்கள், நடுவில் பங்கர் என்னும் மணல்பள்ளம் எதுவும் இல்லை. பழக்கம் காரணமாகக் கை, பந்தை உயரத் தூக்கும் 60 டிகிரி வெட்ஜ் மட்டைக்குப் போகும். போகவிடாதீர்கள். வெட்ஜின் அடிப்பாகம் உருண்டு பருத்திருக்கும். மென்மையான புல்லில் அது வழுக்கிச் செல்லும். கெட்டியான மொட்டைத் தரையில் பட்டால் துள்ளி, மட்டையின் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதும். பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். பயந்து மெதுவாக அடித்தால் மட்டை தரையில் முட்டி, பந்து காலடியிலேயே கிடக்கும்.

அங்கே ஆட வேண்டியது உருட்டு அடி. 7 அல்லது 8-ஆம் எண் இரும்பு, பந்து பின்காலுக்கு நேரே, எடை முன்காலில், மணிக்கட்டை மடக்காமல் கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட் அடிபோலவே ஒரு தள்ளு. பந்து நாலில் ஒரு பங்கு தூரம் பறந்து, மூன்று பங்கு ஓடும். எங்கே விழ வேண்டும் என்று ஒரு புல்தரைத் துண்டைத் தேர்ந்துகொண்டு அதைப் பார்த்தே அடியுங்கள், கொடியை மறந்துவிடுங்கள். அதைவிடவும் பாதுகாப்பானது, 20 கஜம் வெளியிலிருந்தே பட்டரால் அடிப்பது. சொந்த ஊரில் நண்பர்கள் சிரிப்பார்கள். அயர்லாந்தில் உள்ளூர்க்காரர்களே அதைத்தான் செய்கிறார்கள். மோசமான பட், மோசமான வெட்ஜைவிடக் கொடிக்கு அருகில் போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீண்ட அடிகளுக்கும் இதே கணக்கு. பின்காற்றில் கிரீனைக் குறிவைத்தால் கிரீன் போய்விடும். 20 கஜம் முன்னால் விழவைத்து ஓடவிடுங்கள். அதற்கு முன் நிலத்தின் சரிவைப் பாருங்கள்: கிரீனின் வாயில் இடப்பக்க மேடு இருந்தால் பந்து வலமாகத் திரும்பும். டீக்கும் கிரீனுக்கும் இடையிலான வெட்டிய புல்வழியான ஃபேர்வேயும் சமதரை இல்லை, உறைந்த அலைகள் மாதிரி. நடுவில் விழுந்த நல்ல அடி ஒரு திமிலில் பட்டு ரஃப் எனும் நெடும்புல்லுக்குள் போவதும், கோணல் அடி மேட்டில் மோதி நடுவுக்கு வருவதும் ஒரே குழியில் நடக்கும். கோபப்பட்டுப் பயனில்லை.

நிலத்தைப் படித்து ஆடியதற்கு போர்ட்ரஷ் ஒரு பழைய பாடம் வைத்திருக்கிறது. இப்போது அங்கே 16-ஆவது குழியாக இருக்கும் 'கலாமிட்டி' 236 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கிரீனின் வலப்பக்கம் செங்குத்தான பள்ளத்தாக்கு. 1951-இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி அங்கே நடந்தபோது, தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் நான்கு சுற்றிலும் கொடியைப் பார்க்கவே இல்லை. கிரீனுக்கு இடப்பக்கமிருந்த ஒரு சிறு குழிவை வேண்டுமென்றே குறிவைத்து அடித்து, அங்கிருந்து மேலே தட்டிவிட்டு, நான்கு சுற்றிலும் பார் எடுத்தார். அந்தக் குழிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். உலகத்தரத்தில் ஆடியவர் கொடியை விட்டுக்கொடுத்த இடத்தில் விருந்தாளி ஏன் வீரம் காட்ட வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத கிரீன்

லிங்க்ஸுக்குப் புதியவரை மிகவும் திகைக்கவைப்பது குருட்டு அடி, அதாவது இலக்கைக் காணாமலே அடிப்பது. பழைய காலத்தில் மண்ணை வாரி இறைக்கும் இயந்திரம் கிடையாது. மேடு வழியில் நின்றால் மேட்டுக்கு மேலே அடித்தார்கள். அந்த வழக்கத்தை முழுதாகப் பார்க்க லஹிஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

ஓல்டு டாம் மோரிஸ் 1894-இல் அங்கே அமைத்த திடலை அலிஸ்டர் மெக்கென்சி 1927-இல் பெரிதாக மாற்றினார். ஆனாலும் இரண்டு குழிகள் பழைய உருவிலேயே தப்பின. நான்காவது குழி 'க்ளோண்டைக்', பார் 5. இரண்டாவது அடிக்கு முன் ஒரு பெரிய மணல்குன்று வழியை மறித்து நிற்கும். அதன்மேல் ஓர் ஆள் நின்று, மறுபக்கம் யாரும் இல்லை என்றால் கொடி காட்டுவார். 18-ஆவது குழியில் ஆடுகிறவர்களும் அந்தப் பக்கமே கடந்து போவதால் இந்த ஏற்பாடு. அவர் சைகை வரும்வரை அடிக்கக் கூடாது. குன்றின்மேல் தாண்டுவதற்கு நீண்ட மட்டையை எடுப்பவர்கள்தான் அதன் முகத்திலேயே பந்தை அடித்துப் புதைக்கிறார்கள். குன்றுக்கு மிக அருகில் போய்விட்டால் உயரம் தரும் மட்டை, 8 அல்லது 9, அதுவே சரி.

அடுத்தது 'டெல்', ஐந்தாவது குழி. ஏறக்குறைய 150 கஜம், பார் 3. டீயில் நின்றால் எதிரே புல்மூடிய குன்று மட்டுமே. கிரீன் இரண்டு குன்றுகளுக்கு நடுவில், தொட்டிலில் கிடப்பதுபோல் ஒளிந்திருக்கும். முன்குன்றின்மேல் வெள்ளை அடித்த ஒரு கல் உண்டு. குழியின் இடம் மாறும்போதெல்லாம் கல்லையும் நகர்த்துவார்கள். கல்லுக்கு நேராக, சரியான தூரத்துக்கு அடித்துவிட்டு நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதுதான். இங்கே கிரீன் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால், திசை பிசகினால் மன்னிப்பு உண்டு, தூரம் பிசகினால் இல்லை. நவீனத் திடல் அமைப்பாளர் யாரும் இப்படி ஒரு குழியை இன்று வரையத் துணிய மாட்டார். முதல் முறை ஆடுகிறவர்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதும் அதைப் பற்றித்தான்.

ராயல் கவுண்டி டவுனிலும் டீயிலிருந்து அடிக்கும் குருட்டு அடிகள் பல. மேடுகளின்மேல் வெள்ளைக் கற்கள் வழி காட்டும். சில திடல்களில் ஃபேர்வேயில் மணி தொங்கும். பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த இடத்தைக் கடந்ததும் மணியை அடித்துவிட்டுப் போக வேண்டும். மறந்தால் அடுத்த குழுவினர் அங்கேயே காத்துக்கொண்டு நிற்பார்கள். காத்திராமல் அடித்தால் உங்கள் தலைக்குத்தான் ஆபத்து.

பங்கர், நெடும்புல், காணாமல்போன பந்து

லிங்க்ஸ் பங்கர் சிறியது, ஆழமானது. முன்சுவரைப் புல்கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால், படத்தில் காணும் அளவைவிட இருமடங்கு பெரிய வாய் அதற்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டி டவுனில் பங்கர்களின் உதட்டில் மாரமும் ஹெதர் என்னும் குறும்புதரும் தாடிபோல் தொங்கும். பந்து அந்தத் தாடியில் சிக்கினால் மணலில் கிடப்பதைவிட மோசம்.

உள்ளே போய்விட்டால் கொடி எங்கே என்று பார்க்காதீர்கள், தாழ்ந்த விளிம்பு எங்கே என்று பாருங்கள். பந்து சுவருக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் கிடந்தால் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ வெளியேற்றுவதே கணக்கு. ஓர் அடி போகும். முன்னால் அடிக்கப் பார்த்து சுவரில் மோதித் திரும்பினால் மூன்று நான்கு போகும். எதுவுமே முடியாத நிலை என்றால், ஆட முடியாத பந்து என்று அறிவித்து ஓர் அடி அபராதத்தோடு பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம். 2019-இல் வந்த விதிப்படி இரண்டு அடி அபராதத்தோடு பங்கருக்கு வெளியே, கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போட்டும் ஆடலாம். உடன் வருகிறவர்கள் பலருக்கே இது தெரியாது.

நெடும்புல்லில் இரண்டு வகை. ஃபெஸ்க்யூ உயர்ந்து மெலிந்து பொன்னிறமாக ஆடும் இடத்தில் பந்து கிடைத்துவிடும், அடிக்கவும் முடியும். ஆனால் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தை மூடிவிடும். முகத்தைச் சற்றுத் திறந்து வைத்து, இறுக்கிப் பிடித்து, 9-ஆம் எண்ணோ வெட்ஜோ கொண்டு அருகிலுள்ள ஃபேர்வேக்குத் தள்ளுங்கள். மேட்டின்மேல் மாரத்துக்குள் போனால், கிடைத்தாலும் ஆட முடியாது. தேடாமலிருப்பதே லாபமாக இருக்கும் சமயங்களும் உண்டு.

தேட மூன்று நிமிடம்தான் விதி. அதற்குமேல் கிடைத்தாலும் அது தொலைந்த பந்தே. பழைய இடத்துக்குத் திரும்பி ஓர் அடி அபராதத்தோடு மறுபடி அடிக்க வேண்டும். ஆகையால் சந்தேகம் வந்த உடனே, 'புரொவிஷனல்' என்று உரக்கச் சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிட்டு நடங்கள். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதலாவது கிடைத்தாலும் செல்லாது. முதல் பந்து விழுந்த இடத்தை 'அந்தப் புதருக்கு இடப்பக்கம், கம்பத்துக்கு நேர்' என்று ஏதாவது அடையாளத்தோடு மனத்தில் பதியுங்கள். திடலில் எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு டஜன் பந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முயல் வளைக்குள் பந்து போனாலோ, வளை உங்கள் வீச்சுக்கு இடைஞ்சலானாலோ அபராதமின்றி நகர்த்திப் போடலாம். லிங்க்ஸில் முயலுக்குக் குறைவில்லை, விதியைத் தெரிந்துவைத்தால் அடி மிச்சம்.

வெள்ளை முளைகள் எல்லையைக் குறிக்கும், அதற்கு வெளியே போனாலும் தொலைந்த பந்துக்குரிய அபராதமே. பாலிபன்யனில் முதல் டீக்கு வலப்பக்கம் இடுகாடு. கல்லறைகளுக்கிடையில் போன பந்து எல்லைக்கு வெளியே. போர்ட்ரஷின் முதல் குழியில் இரண்டு பக்கமும் எல்லை. 2019 ஓப்பனில், வட அயர்லாந்திலேயே பிறந்து வளர்ந்த ரோரி மெக்கில்ராய் தம் முதல் அடியை இடப்பக்க எல்லைக்கு வெளியே அனுப்பி, அந்த பார் 4 குழியில் எட்டு அடி எடுத்தார். முதல் டீயில் நெடுந்தூர மட்டையான டிரைவரை உறையிலேயே விட்டுவிட்டு நீள இரும்பு மட்டையை எடுத்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையை எப்படி வைப்பது

அடிகளை மொத்தமாக எண்ணினால் இரண்டு மோசமான குழிகள் நாளையே கெடுத்துவிடும். அயர்லாந்து கிளப்புகளில் அதிகம் புழங்குவது ஸ்டேபிள்ஃபர்டு என்னும் புள்ளி முறை. ஹேண்டிகேப் அடியை (ஆடுகிறவரின் தரத்துக்கேற்பத் தரும் சலுகையை) கழித்தபின் பார் எடுத்தால் 2 புள்ளி, ஒன்று குறைந்தால் 3, ஒன்று கூடினால் 1, அதற்குமேல் சுழியம். 18 ஹேண்டிகேப் உள்ளவருக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை என்பதால், பார் 4 குழியில் 5 அடி எடுத்தால் 2 புள்ளி, 6 எடுத்தால் 1. ஆறு அடியிலும் முடியவில்லை என்றால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். 36 புள்ளி வந்தால் உங்கள் தரத்துக்கே ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள். லிங்க்ஸில் முதல் முறை 28 வந்தாலும் நன்றாகவே ஆடியிருக்கிறீர்கள்.

டீயைத் தேர்வதிலும் தன்மானம் பார்க்க வேண்டாம். மிகப் பின்னால் இருக்கும் டீக்கள் போட்டிக்காரர்களுக்கு. பல கிளப்புகளில் விருந்தினரை அங்கே விடுவதுமில்லை. முன் டீயிலிருந்து ஆடினால் எதிர்க்காற்று நாளிலும் ஃபேர்வே எட்டும் தூரத்தில் இருக்கும்.

பதிவு, கேடி, பை

பெயர்பெற்ற திடல்களில் கோடைக் கட்டணம் ஒருவருக்கு 300 யூரோவைத் தாண்டும். இடத்தைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். வாரக் கடைசியில் உறுப்பினர் போட்டிகள் இருப்பதால் திங்கள் முதல் வெள்ளிவரை தேடுங்கள். ஹேண்டிகேப் சான்றைக் கேட்கும் கிளப்புகள் உண்டு, கைபேசியில் வைத்திருங்கள். பக்கத்து ஊர்ச் சிறு கிளப்புகளில் இதில் பாதிக்கும் குறைவான கட்டணத்தில் அதே மணலும் அதே காற்றும் கிடைக்கும். ஒரு வாரப் பயணத்தில் இரண்டு பெரிய பெயர், மூன்று சிறிய பெயர் என்று கலந்து வைப்பதே எங்கள் பரிந்துரை.

கேடி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்றாலும், அங்கே பையைச் சுமந்து வழிகாட்டுகிற, திடலை உள்ளங்கைபோல் அறிந்தவர். குருட்டு அடியில் திசை, புல்லில் பந்து, காற்றில் மட்டை எண், மூன்றையும் அவரே சொல்லிவிடுவார். திடலோடு பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். கூலியைப் பெரும்பாலும் ஆட்ட முடிவில் அவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், மேலே ஒரு அன்பளிப்பும் வழக்கம். அவர் 6-ஆம் எண் என்றால் 6-ஆம் எண்ணை எடுங்கள். மோட்டார் வண்டி பல லிங்க்ஸில் கிடையாது, அல்லது மருத்துவச் சான்று இருந்தால்தான். மேடும் பள்ளமுமாக எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடக்கக் கால்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் விசாவைக் கவனிக்க வேண்டும். லஹிஞ்ச் அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது, அங்கே யூரோ. போர்ட்ரஷ், கவுண்டி டவுன் இரண்டும் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சியில், அங்கே பவுண்டு. சாலையில் எல்லைச் சோதனை இல்லை என்பதால் விசா தேவையில்லை என்றாகாது. 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்போடு தரப்படும் விசாவில் இந்தியக் குடிமக்கள் இரு பக்கமும் போகலாம். ஆனால் விசா தந்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். விண்ணப்பிக்கும்போது இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பருவம் ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம்வரை. ஜூன் கடைசியில் மேற்குக் கரையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்துக்குத் தொடங்கினாலும் முடித்துவிடலாம். குளிர்காலத்தில் கட்டணம் இறங்கும். ஆனால் புல்லைக் காக்க, ஃபேர்வேயில் ஒரு சிறு பாயை வைத்து அதன்மேலிருந்து அடிக்கச் சொல்லும் கிளப்புகள் உண்டு. முதல் முறைக்கு அது வேண்டாம்.

கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்குள்தான் இருக்கும், காற்றில் இன்னும் குறைவாக உறைக்கும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவது, தடித்த ஒரு ஸ்வெட்டரைவிட வீச்சுக்கு வசதி. மழைச் சட்டை மட்டும் போதாது, மழைக் கால்சட்டையும் வேண்டும். ஷூவோடு மேலே இழுத்துப் போடக்கூடிய அகலத்தில் வாங்குங்கள். குடை எடுத்துப்போவது வீண். மூன்றாவது குழிக்குள் கம்பிகள் வெளியே வந்துவிடும். நனைந்தால் பிடிப்பு கூடும் மழைக் கையுறை ஒரு ஜோடி, கம்பளித் தொப்பி, உலர்ந்த துண்டு ஒன்று பைக்குள்ளே, இன்னொன்று வெளியே. மழைக்காக ஆட்டம் நிற்காது, கட்டணமும் பொதுவாகத் திரும்பி வராது. இடி மின்னல் என்றால் மட்டும் திடலை விட்டு வெளியேற வேண்டும். லஹிஞ்சில் வானிலையை ஆடுகளிடம் கேட்பார்கள்: அவை கிளப் கட்டடத்தின் அருகே ஒதுங்கினால் மழை, மேடுகளில் பரந்து மேய்ந்தால் நல்ல நாள். உடைந்துபோன காற்றழுத்தமானியில் 'ஆடுகளைப் பார்க்கவும்' என்று எழுதி வைத்த கிளப் அது.

இரண்டு ஜோடி ஷூ அவசியம், ஒன்று நிச்சயம் நனையும். இரவில் உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி இறுக்கமாகத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஈரமான தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்தால் காலைக்குள் காய்ந்துவிடும். ஹீட்டர்மேல் மட்டும் வைக்காதீர்கள், தோல் வெடித்து அடிப்பகுதி பிரிந்துவிடும்.